கொக்குகளுக்கு ஒரு திருவிழா

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம், சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். வேட்டங்குடிக் கண்மாயில் அடைந்திருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதே என்றுதான். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பறவைக்கென்றே விழா எடுக்கும் ஊர் பூட்டானில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. பறவை பார்க்கும் நண்பர்கள் எட்டுப் பேராகக் கிளம்பிவிட்டோம்.

ஊர் பேர் போப்ஜிகா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே தட்டுப் போலக் கிடக்கும் சதுப்பு நிலம். திபெத்தில் குளிர் இறுகும்போது, கருங்கழுத்துக் கொக்குகள் அக்டோபர் கடைசியில் இங்கே வரத் தொடங்கும். மாசி, பங்குனி வாக்கில் திரும்பிவிடும். நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு குடும்பம். நான்கடி உயரம், சாம்பல் உடம்பு, கரிய கழுத்து, உச்சந்தலையில் சிவப்பு.

விழா நாள் நவம்பர் 11. 1998-இலிருந்து அங்குள்ள கேங்டே புத்த மடாலயத்து முற்றத்தில் நடக்கிறது. முகமூடி ஆட்டங்கள் எல்லாம் உண்டு. ஆனால் என் கண் பள்ளிப் பிள்ளைகளின் கொக்கு ஆட்டத்தை விட்டு அகலவில்லை. தலையில் கறுப்புத் துணி, அதன் முன்னால் நீளமாக ஒரு அலகு, இரண்டு கையிலும் துணிச் சிறகு. எனக்கு நேர் எதிரே ஆடிய சிறுமிக்கு அலகு நழுவி நழுவி மூக்குக்கு இறங்கியது. சிறகை மடக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டாலேயே அதை மேலே தள்ளிவிட்டு, தாளம் தப்பாமல் குனிந்து நிமிர்ந்தாள்.

சாயங்காலம் சதுப்பு ஓரத்துக்குப் போனோம். உள்ளே இறங்கக் கூடாது, எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். அதுதான் சரி. அறுவடை முடிந்த வயலில் ஒரு சோடியும் குஞ்சும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. குஞ்சின் தலை இன்னும் கறுக்கவில்லை, செம்பழுப்பாகவே இருந்தது. தாயோ தகப்பனோ, ஒன்று மாற்றி ஒன்று தலை தூக்கிக் காவல் பார்த்தது. எங்களில் யாரும் பேசவில்லை. பைனாகுலரைக் கைமாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

கொக்குகள் வரும்போதும் போகும்போதும் மடாலயத்தை மூன்று முறை சுற்றும் என்பது ஊர்க்காரர்கள் நம்பிக்கை. நாங்கள் போனது அந்த நேரமில்லை, அதனால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வேறொன்றைப் பார்த்தேன். பள்ளத்தாக்கில் எங்கு திரும்பினாலும் மின்கம்பி கண்ணில் படவில்லை. பறந்து வரும் கொக்கு மோதிச் சாகும் என்று கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். செலவு கூடுதல்தான். வருசத்துக்கு ஒரு நாள் ஆடுவதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கும் ஊர் அது. இப்படிக் காப்பாற்றிய சதுப்பு 2016-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

இருட்டுகிற நேரத்தில் குரல் முதலில் வந்தது, எக்காளம் ஊதின மாதிரி. அப்புறம் கூட்டம் கூட்டமாக இறங்கி, கால் நனையும் தண்ணீரில் நின்றுகொண்டன. நரி, நாய் அணுகாமலிருக்க இரவெல்லாம் அங்கேதான். எதிர்ச் சரிவில் வீடுகளில் விளக்கு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியது. வானம் மட்டும் கம்பியே இல்லாமல் திறந்து கிடந்தது. கடைசியாக மூன்று கொக்குகள் தாழப் பறந்து வந்தன, நடுவில் அந்தச் சின்னது.

வணக்கம்.