20 மணி நேரம் என்று சொல்லி 15 மணி நேரத்தை விற்கிறார்கள், மக்களே!

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை. வயலில் உளுந்து அடிக்கிறார்கள், மாடிக்கு வந்தும் விடவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆங்கிலக் கோர்ஸை எப்படி விற்கிறார்கள் என்று இன்றைக்குப் பேசிவிடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஐஇஎல்டிஎஸ், அதாவது வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத் தேர்வு, அதில் என் கதை உங்களுக்குத் தெரியும். மொத்தம் 6, ரைட்டிங்கில் மட்டும் 5.5. இங்கிலாந்தில் எனக்கு முதுகலைக்கு கண்டிஷனல் ஆஃபர், அதாவது நிபந்தனையோடு இடம், கொடுத்த பல்கலைக்கழகம் கேட்பது 6.5, எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது. ஒன்று, மறுபடி எழுத வேண்டும். இல்லையென்றால் அங்கே போய் ஒரு ஆங்கிலக் கோர்ஸ் படிக்க வேண்டும். சரி, கோர்ஸ் பற்றி நேரில் கேட்டுவிடலாம் என்று தஞ்சாவூரில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்த்துவிடுகிற ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாக பஸ், உச்சி வெயில். போய் உட்கார்ந்ததும் மெஷின் காபி கொடுத்தார்கள். மெஷின் காபி பற்றி என் கருத்து இந்த சேனலில் எல்லோருக்கும் தெரியும். டெல்டாவில் இருந்துகொண்டு, அதுவும் தஞ்சாவூரில், அந்தப் பொடித் தண்ணீரை ஒருவருக்குக் கொடுக்க எப்படி மனசு வருகிறது? அப்போதே எழுந்து வந்திருக்கலாம் என்று அப்பாயி சொல்கிறார்.

அவர்கள் என் ஆஃபர் லெட்டரைத் திறந்தும் பார்க்கவில்லை. "இங்கிலாந்து எதற்கும்மா? டப்ளினுக்குப் போ. 25 வாரம் இங்கிலீஷ் கோர்ஸ், வாரம் 20 மணி நேரம் கிளாஸ், படித்துக்கொண்டே வேலை, வெறும் 3,000 யூரோ" என்றார் அந்த அண்ணன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதில் உண்மையும் இருக்கிறது. டப்ளின் இருக்கிற அயர்லாந்தில் அரசு அங்கீகரித்த பட்டியலில் இருக்கிற 25 வாரக் கோர்ஸில் சேர்ந்தால் விடுமுறையோடு சேர்த்து 8 மாதம் தங்கலாம். கிளாஸ் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலையும் பார்க்கலாம். ஆனால் வருகை 85 சதவீதம் இருக்க வேண்டும், முடிவில் பள்ளி நடத்தாத, வெளி அமைப்பு நடத்துகிற ஒரு தேர்வும் எழுத வேண்டும். இந்த இரண்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

இப்போது நான் சந்தோஷப்படுகிற இடத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து, அந்த அண்ணன் சொன்ன கோர்ஸை நடத்துகிற டப்ளின் பள்ளியின் இணையதளத்தைத் திறந்தேன். அதில் வாரத்துக்கு 20 'லெசன்' என்று போட்டிருந்தது. மணி நேரம் என்று எங்கேயும் இல்லை. எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. பள்ளிக்கே நேராக ஈமெயில் அனுப்பினேன்: ஒரு லெசன் எத்தனை நிமிடம்? மறுநாள் காலையில் இரண்டே வரியில் பதில். 45 நிமிடம்.

கணக்குப் போடுங்கள் மக்களே. இருபது நாற்பத்தைந்து 900 நிமிடம். 900 நிமிடம் என்றால் 15 மணி நேரம். 25 வாரத்துக்கு 375 மணி நேரம். கன்சல்டன்சி சொன்ன கணக்குப்படி 500 வந்திருக்க வேண்டும். 125 மணி நேரம் காற்றோடு போய்விட்டது! 3,000 யூரோவை 500-ஆல் வகுத்தால் மணிக்கு 6 யூரோ. 375-ஆல் வகுத்தால் 8 யூரோ. இதை ஒரு நோட்டுத் தாளில் கட்டம் போட்டு எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி நெல் கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருப்பார்கள், அதே கதைதான்" என்றார். இதைவிட நன்றாக நான் சொல்ல முடியாது.

பள்ளியைக் குறை சொல்லவில்லை, அவர்கள் ஒளிக்கவில்லை. அயர்லாந்து அரசு கேட்பதும் வாரம் 15 மணி நேரம்தான், அந்தக் கோர்ஸ் சட்டப்படி சரியானது. 15-ஐ 20 என்று சொன்ன வாய்தான் தப்பு. அந்த அண்ணனுக்கு போன் போட்டேன். "எல்லாம் ஒன்றுதானேம்மா" என்றார். ஒன்றா? என் அப்பா பணத்தில் 125 மணி நேரம் ஒன்றா? பிறகு நான் அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அந்த நீல டிக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், தம்னெயிலில் போட்டாலும் போடுவேன்.

அட, ஒன்றைச் சொல்லாமல் போகிறேன். அந்த 3,000 மதிய பேட்சுக்கான விலை. காலை பேட்ச் அதைவிட அதிகம். பதிவுக் கட்டணம், புத்தகம், இன்ஷூரன்ஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. "வெறும்" என்ற சொல்லைப் போட்டு யாராவது விலை சொன்னால் பேனாவை எடுத்துவிடுங்கள்.

சில கன்சல்டன்சிகள் ஏன் இப்படித் தள்ளிவிடுகிறார்கள் என்றால், ஆளைச் சேர்த்துவிட்டால் பள்ளி அவர்களுக்குக் கமிஷன் தரும். அது ரகசியம் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான். கமிஷன் வாங்கட்டும், நிமிடத்தைச் சரியாகச் சொல்லட்டும்.

இதில் எனக்குப் பெரிய கேள்வி வேறு. 25 வாரம் படித்து வாங்குகிற அந்தச் சான்றிதழை யார் ஏற்பார்கள்? நான் சேரப்போகிற பல்கலைக்கழகத்துக்கு அது வெறும் தாள். திரும்பவும் ஐஇஎல்டிஎஸ் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த மதிப்பெண்ணும் 2 வருஷம்தான் செல்லும். வேலை பார்க்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும், பேச்சு சரளமாக வேண்டும் என்று போகிறவர்களுக்கு டப்ளின் நல்ல இடம். எனக்கு அது சுற்றுவழி. பட்டியலில் இருக்கிற பள்ளியா, மூடினால் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2014, 2015-இல் டப்ளினில் பல ஆங்கிலப் பள்ளிகள் திடீரென்று மூடி, வெளிநாட்டுப் பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள்.

நான் எடுக்கப்போவது ப்ரீ-செஷனல். பல்கலைக்கழகமே முதுகலை தொடங்குவதற்கு முன்னால் நடத்துகிற ஆங்கிலக் கோர்ஸ். மதிப்பெண் எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப 6 வாரம், 10 வாரம் என்று நீளும். பவுண்டில் அந்தக் கட்டணத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் தேறிவிட்டால் அதே பல்கலைக்கழகம் மறு தேர்வு கேட்காமல் உள்ளே விடும். இன்னொரு பல்கலைக்கழகம் அதை ஏற்காமல் போகலாம், அதனால் ஆஃபர் வந்த இடத்திலேயே படிப்பதுதான் புத்தி. சொல்லிக்கொடுப்பதும் வேறு விதம்: லெக்சரில் குறிப்பெடுப்பது, மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதுவது, செமினாரில் வாயைத் திறப்பது. கடைகளில் கிடைக்கிற ரைட்டிங் டெம்ப்ளேட்டை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று தெரியும்தானே? அந்த மனப்பாடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனால் முதல் கட்டுரையிலேயே மாட்டுவோம்.

ஒன் ஸ்கில் ரீடேக் ஏன் எழுதவில்லை என்று நிறைய பேர் கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதலாம். நல்ல வசதிதான். ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. என்னுடையது வேண்டாம் என்றுவிட்டது, விஷயம் முடிந்தது.

அப்புறம் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: ப்ரீ-செஷனலுக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ கேட்பார்கள். கேள்வித்தாள் ஒன்றுதான், ஆனால் பிரிட்டன் விசாவுக்கென்று அனுமதி பெற்ற மையத்தில் எழுத வேண்டும். பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எழுதியது அதுதான்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தங்கை ஆஸ்திரேலியா பற்றிக் கேட்டிருந்தார். அங்கே மாணவர் விசாவில் படிக்கிற ஆங்கிலக் கோர்ஸுக்கு எலிகாஸ் என்று பெயர். வாரம் குறைந்தது 20 மணி நேரம் கிளாஸ் இருக்க வேண்டும், உண்மையான மணி நேரம், பாப்பா! கோர்ஸுக்கு கிரிகோஸ் எண், அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான கோர்ஸ் என்று அரசு பதிவு செய்த எண், இருக்கிறதா என்று பார். பட்டப்படிப்போடு சேர்த்தே ஆஃபர் வாங்கலாம். இங்கிலாந்தில் 6 முதல் 11 மாதம் வரை ஆங்கிலம் மட்டும் படிக்கத் தனி விசா உண்டு. அதில் வேலை பார்க்க முடியாது, நீட்டிக்கவும் முடியாது. அதை "போய்விட்டு மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

எனக்கு 10 வாரக் கோர்ஸ். ஜூன் கடைசியில் தொடக்கம். மேட்டூர் 12-ஆம் தேதி திறந்தால் அப்பா குறுவை வேலையில் இருப்பார், விமான நிலையத்துக்கு அம்மாவும் சித்தப்பாவும்தான் வருவார்கள் போல. அதற்கு முன்னால் டிபி பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், இந்தியாவிலிருந்து போய் 6 மாதத்துக்கு மேல் பிரிட்டனில் தங்குகிறவர்களுக்குக் கட்டாயம், எனக்கு முதுகலையும் சேர்ந்து வருகிறதே. அதை எடுக்கச் சென்னைக்குப் போகிறேன். வியாழன் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், இன்னும் வெயிட்டிங் லிஸ்ட். உறுதியானால் அடுத்த வீடியோ ரயிலில். இல்லையென்றால் பஸ்ஸில், அந்தச் சீட்டைப் பற்றித் தனியாகத் திட்டுவேன். வருகிறேன் மக்களே, கீழே கூப்பிடுகிறார்கள்.