பூச்சாடியில பறக்கிறது நுளம்பில்லை: மண்கொசுவை எப்பிடி அடக்குறது?

(காட்சி: வெள்ளவத்தை, தொடர்மாடி ஒண்டின் நாலாம் மாடி பல்கனி. மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி ஊத்துற கை. மண்ணிலயிருந்து ஏழெட்டுக் கறுப்புப் பூச்சி எழும்புது.)

கண்டீங்களோ? தண்ணி பட்ட உடன எழும்பிச்சுதே, அதுதான் இண்டைக்கு எங்கட ஆள்.

முதல்முதல் இதைக் கண்ட உடன எங்கட அம்மா நுளம்புத்திரி கொளுத்தினா. கீழ்வீட்டு அன்ரி, "தம்பி, டெங்கு நுளம்பு, கவனம்" எண்டா. ரெண்டு பேர் சொன்னதும் பிழை. கொழும்பில இருந்துகொண்டு பறக்கிற எதைக் கண்டாலும் டெங்கு எண்டு பயப்பிடுறதில நியாயம் இருக்குத்தான். ஆனா இது கடிக்காது. ரத்தம் குடிக்கிற ஊசிவாய் இதுக்கு இல்லை.

எங்கட தமிழில ஒரு வசதி இருக்கு. கடிக்கிறது நுளம்பு, சோத்துப் பீங்கானில இருக்கிறது இலையான், கனிஞ்ச வாழைப்பழத்தைச் சுத்துறது கொசு. இந்தியாப் பக்கத்து வீடியோ பார்த்தாத்தான் குழப்பம், அங்க நுளம்பையே கொசு எண்டு சொல்லுவினம். அதால நான் இதை மண்கொசு எண்டே சொல்லப்போறன். விஞ்ஞானப் பெயர் வேணுமெண்டா, சியாரிடே குடும்பம். வீட்டுச் சாடிகளில கூடுதலா வாறது அதில பிராடிசியா எண்ட வகை.

(காட்சி: ஒட்டுத்தாளில பூச்சி, கிட்டத்தில.)

வடிவாப் பாருங்கோ. ரெண்டு, மூண்டு மில்லிமீற்றர்தான் நீளம். கறுப்பு உடம்பு, நீளக் கால். செட்டையில ஆங்கில வை எழுத்து மாதிரி ஒரு நரம்பு. பழக்கொசு எண்டா உடம்பு மண்ணிறமா, கண் சிவப்பா இருக்கும், குசினியில நிக்கும். குளியலறைச் சுவரில பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கிறது வேற ஆள், அது தண்ணி போற குழாய்க்குள்ளயிருந்து வாறது. மண்கொசு பறக்கிறதில சோம்பேறி. சாடியை விட்டுக் கனதூரம் போகாது, மண்ணுக்கு மேல தத்தித் தத்தி ஓடும்.

உங்கட மூக்குக்கு முன்னால பறக்கிற இந்தப் பூச்சி ஒரு கிழமை, பத்து நாளில தானாச் செத்துப்போயிடும். அதை அடிச்சு ஒரு பிரயோசனமும் இல்லை. விசயம் முழுக்க மண்ணுக்குள்ள, மேல் ரெண்டு அங்குலத்துக்குள்ளதான் நடக்குது. ஒரு பெட்டை தன்ர காலத்தில 200 முட்டை வரைக்கும் ஈரமண்ணில இடும். நாலஞ்சு நாளில புழு வரும். கண்ணாடி மாதிரி வெள்ளை உடம்பு, தலை மட்டும் கறுப்பா மினுங்கும். அந்தப் புழு ரெண்டு கிழமை மண்ணுக்குள்ள கிடந்து தின்னும், பிறகு கூட்டுப்புழுவாகி மூண்டு நாலு நாளில பறக்கும். எல்லாம் சேர்த்தா மூண்டு தொடக்கம் நாலு கிழமை. குளிர்நாடுகளில பனிக்காலம் வந்து இதை மெதுவாக்கும். எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. வருசம் முழுக்க முட்டை, புழு, பூச்சி எல்லாம் ஒரே சாடியில ஒரே நேரத்தில இருக்கும்.

அது என்ன தின்னுது? பூஞ்சணம், பாசி, உக்கிற இலைதழை. அது காணாட்டி இளவேர். பெரிய மணிபிளாண்டுக்கு இதால பெரிசா ஒண்டும் ஆகாது. நாத்துக்குத்தான் ஆபத்து, புதுசா நட்ட தண்டுக்கும்தான். வேரைத் தின்னுறதோட நிக்காம, நாத்தழுகல் நோயையும் சாடிக்குச் சாடி காவிக்கொண்டு போகும். நான் கறிமிளகாய் விதை போட்ட ஒரு தட்டத்தில பாதி அடியோட சரிஞ்சு விழுந்த பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவே தொடங்கினனான்.

(காட்சி: குசினி. அரிசி கழுவின தண்ணியைச் சாடியில ஊத்துற அம்மா.)

அம்மா, கமராவில வாறீங்கள். பரவாயில்லை, நில்லுங்கோ.

இதுதான் காரணம். 2022 நெருக்கடி நேரம் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து, வீட்டில பயிர் செய்யுங்கோ எண்டு சொன்னது ஞாபகம் இருக்கோ? அப்ப இந்தக் கட்டடத்தில எல்லாப் பல்கனிக்கும் சாடி வந்தது. நிலத்தில செய்யிற வேலையை எல்லாம் சாடியில செய்யப் பழகிட்டம். அரிசி கழுவின தண்ணி, தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல், மீன் கழுவின தண்ணி. ஊரில முத்தத்து வாழைக்கு ஊத்தினா நிலம் உறிஞ்சும், மண்புழு பார்த்துக்கொள்ளும். எட்டு அங்குலச் சாடியில அது மேல கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். நாங்கள் மண்கொசுவுக்குப் பந்தி வச்சுப்போட்டு, பிறகு திரி கொளுத்துறம்.

அதோட தும்புத்தூள். கடையில வாங்குற சாடிமண்ணில பாதிக்கு மேல அதுதான். மேல காஞ்ச மாதிரி நிறம் வெளிறும், விரலை விட்டா உள்ள சொதசொதவெண்டு இருக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் மழை, ஒக்டோபர் நவம்பரில பின்னேர இடிமழை. கொழும்புக் காத்தில எப்பவும் ஈரம். அதால "மேல் மண்ணைக் காயவிடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போறது லேசு, செய்யிறதுதான் வேலை.

முதல் ஒரு சோதனை. உருளைக்கிழங்கை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில வெட்டி, வெட்டின பக்கம் கீழ இருக்க மண்ணில அமத்தி வையுங்கோ. மூண்டாம் நாள் திருப்பிப் பாருங்கோ.

(காட்சி: துண்டைத் திருப்புற கை. கறுத்தத் தலைப் புழுக்கள்.)

பதினொண்டு. இது ஒரு சாடி. இப்பிடி எல்லாச் சாடிக்கும் வச்சா எதில இருக்கு, எதில இல்லை எண்டு தெரியும். எங்கட வீட்டில பன்னிரண்டில நாலு சாடிக்குத்தான் வைத்தியம் வேண்டியிருந்தது. துண்டைப் புழுவோட எடுத்துப் பையில கட்டிக் குப்பையில போட்டா, அந்தளவு குறைஞ்சது.

இனிக் காயவைக்கிறது. கிழமைக்கு இத்தினை தரம் எண்டு கணக்கு வச்சு ஊத்தாதேங்கோ. சாடியைத் தூக்கிப் பாருங்கோ, பாரம் குறையாட்டி ஊத்த வேண்டாம். விரலை ரெண்டாம் மடிப்பு வரைக்கும் விட்டுப் பாருங்கோ, ஈரம் பட்டா இன்னும் ரெண்டு நாள் பொறுங்கோ. கறிவேப்பிலை, மணிபிளாண்ட், கத்தாழை எல்லாம் தாங்கும். புதினாவும் நாத்தும் தாங்காது, அதுகளைப் பிறகு சொல்லுறன். பிளாஸ்ரிக் சாடியை விட்டு மண்சாடிக்கு மாத்தினா சுவரே ஈரத்தை இழுக்கும். மண்ணில நாலில ஒரு பங்கு உமிக்கரி கலந்தா தண்ணி தேங்காது. அறைக்குள்ள இருக்கிற சாடியெண்டா, ராவில ஃபானை அந்தப் பக்கம் திருப்பி விடுங்கோ.

காய முடியாத சாடிக்கு மணல். மேல ஒண்டு, ஒண்டரை சென்ரிமீற்றர் பரவி, இனிமேல் தண்ணியைக் கீழ் தட்டால குடுக்க வேணும். மணல் கெதியாக் காயும், முட்டை இட வாற பெட்டைக்கு அது பிடிக்காது. மேலால ஊத்தினீங்களெண்டா மணலும் நனைஞ்சு பிரயோசனமில்லாமப் போகும். ஹாட்வெயார் கடையில ஆத்துமணல் கேளுங்கோ. வெள்ளவத்தைக் கடற்கரையில ஒரு பை அள்ளிக்கொண்டு வருவம் எண்டு யோசிக்கிற ஆக்கள், தயவுசெய்து வேண்டாம். உப்பு. கொசு போகும், கண்டும் போகும்.

தட்டில தண்ணி எண்ட உடன கீழ்வீட்டு அன்ரிக்கு முகம் மாறும். இந்த இடத்தில அன்ரி சரி. அரை மணித்தியாலம் உறிஞ்ச விட்டு, மிச்சத்தைக் கவிட்டு ஊத்திப்போடுங்கோ. தேங்கின தண்ணியில ஒரு கிழமை, பத்து நாளில டெங்கு நுளம்பு முட்டையிலயிருந்து பறக்கிற வரைக்கும் வந்திடும். நுளம்பு பெருகிறதைத் தடுக்கிற 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, பூச்சாடித் தட்டுத்தானே எண்டு அது விட்டுவைக்காது.

(காட்சி: மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டில ஆமணக்கெண்ணெய் பூசுறது.)

மஞ்சள் நிறத்துக்கு மண்கொசு வரும். ஒட்டுத்தாள் வாங்கலாம், இல்லாட்டி மஞ்சள் பிளாஸ்ரிக் மூடியில ஆமணக்கெண்ணெய் அல்லது வாஸ்லின் பூசலாம். மண்ணுக்குக் கிட்டப் படுக்கையா வையுங்கோ. சுவரில ஒட்டினா பல்லி மாட்டுப்படும், பாவம், அது எங்கட பக்கத்து ஆள். இந்தத் தாள் கொசுவை முடிக்காது. கிழமைக்கு எத்தினை விழுந்தது எண்டு எண்ணத்தான் இது.

மண்ணுக்குள்ள ஊத்துறதில நான் முதல் எடுக்கிறது வேப்பெண்ணெய். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணி, அஞ்சு மில்லிலீற்றர் எண்ணெய், பாத்திரம் கழுவுற சவர்க்காரத் திரவம் சில துளி. சவர்க்காரம் இல்லாட்டி எண்ணெய் மேல மிதக்கும். நல்லாக் குலுக்கி, மேல் மண் நனையிற அளவுக்கு ஊத்துங்கோ. கிழமைக்கு ஒருக்கா, நாலு கிழமை. ரெண்டு நாள் வீடு மணக்கும், விருந்தாளி வாற கிழமை செய்யாதேங்கோ.

புதினாவும் நாத்தும் எண்டேனே, அதுகளுக்கு ஹைட்ரஜன் பெரொக்சைட். பாமசியில 3 வீதம் எண்டா ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி. போத்தலில 6 வீதம் அல்லது 20 வொலியூம் எண்டு இருந்தா ஒன்பது பங்கு தண்ணி. லேபிளை வாசியுங்கோ. நுரைக்கும், பட்ட புழு சாகும். மண்ணில இருக்கிற நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து சாகிறதால அடிக்கடி வேண்டாம்.

பி.ரி.ஐ. கிடைச்சா அது இன்னும் நல்லம். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் எண்ட பக்டீரியா, 1976இல நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒண்டில கண்டுபிடிச்சது. நுளம்புப் புழுவைக் கொல்லப் பாவிக்கிற அதே சாமான். மண்கொசு நுளம்புக்குத் தூரத்துச் சொந்தம் எண்டதால இதுக்கும் கேட்கும். புழு இதைத் தின்னாத்தான் வேலை செய்யும், முட்டைக்கும் பறக்கிறதுக்கும் ஒண்டும் செய்யாது. அதால இதையும் கிழமைக்கிழமை ஊத்த வேணும்.

கறுவாத்தூள் தூவச் சொல்லுவினம். எங்கட நாட்டுக் கறுவா, பெருமைதான், ஆனா நான் தூவின சாடியில புழு குறையேல்லை. கறிக்குப் போடுங்கோ. கோப்பிச் சக்கை தூவினா இன்னும் மோசம், நாலாம் நாள் அதில பூஞ்சணம் வெள்ளையாப் பூக்கும்.

புது மண் வாங்கினா நேர சாடிக்குள்ள கொட்டாதேங்கோ, முட்டை பையோடயே வரும். தும்புத்தூள் கட்டியைக் கொதிதண்ணியில ஊறவிட்டு, ஆறின பிறகு பாவியுங்கோ. கலந்த மண்ணெண்டா கறுப்புப் பையில இறுக்கிக் கட்டி, மொட்டை மாடியில நல்ல வெயிலில நாலஞ்சு நாள் போடுங்கோ. சனவரி, பெப்ரவரி அதுக்குத் தோதான மாதம்.

(காட்சி: நாலு மஞ்சள் துண்டு, வரிசையா.)

என்ர கணக்கு இது. முதல் கிழமை 43. ரெண்டாம் கிழமை 38, அதில மனம் விட்டுப்போகும். விடாதேங்கோ, அது முதலே கூடு கட்டினதுகள் வெளிக்கிடுறது. மூண்டாம் கிழமை 11. நாலாம் கிழமை ரெண்டே ரெண்டு.

அதில ஒண்டைக் கண்ணாடி வச்சுப் பார்த்தன். காலில வெள்ளைப் பட்டி. இது நுளம்பு.

அம்மா, எந்தத் தட்டில தண்ணி விட்டனீங்கள்?