மாவட்டம் மூணாச்சு, டேபிள் மட்டும் பழசாவே இருக்கு

(திரையில்: க்யூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருள். பழைய வேலூர் மாவட்ட ஏரிகள், நீலத் துண்டுகளாக.)

வணக்கம். இது பழைய வேலூர் மாவட்டத்தோட ஏரி லேயர், அதாவது மேப்ல ஏரிகள் மட்டும் இருக்கிற அடுக்கு. ஒவ்வொரு நீலத் துண்டுக்கும் அட்ரிப்யூட் டேபிள்ல ஒரு வரி இருக்கு: பேரு, கிராமம், தாலுக்கா, மாவட்டம். மாவட்டம்ங்கிற ஃபீல்டை மட்டும் பாருங்க. காவேரிப்பாக்கம் ஏரிக்கும் வேலூர், ஆம்பூர் பக்கத்து ஏரிக்கும் வேலூர். ஆனா ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019லயே வேலூர்லேர்ந்து தனி மாவட்டமா பிரிஞ்சாச்சு, காவேரிப்பாக்கம் இப்ப ராணிப்பேட்டையில, ஆம்பூர் திருப்பத்தூர்ல. 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சப்போ காகிதத்துல திருத்தினாங்க, இப்ப நாம கம்ப்யூட்டர்ல திருத்தணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆயிரக்கணக்கான வரிங்க. இதைப் பாத்ததும் பலருக்கு ஓடுற யோசனை, "டேபிள் இருக்கிற டிபிஎஃப் ஃபைலை எக்ஸெல்ல திறந்து மாத்திடலாமே." வேண்டாம்.

(திரையில்: ஒரே பெயரில் மூன்று ஃபைல்கள், எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப்.)

இந்த லேயர் ஒரு ஷேப்ஃபைல். அதுல ஏரியோட வடிவம் எஸ்எச்பி ஃபைல்ல, டேபிள் டிபிஎஃப் ஃபைல்ல இருக்கு. ரெண்டையும் சேர்க்கிற ஐடி எதுவும் கிடையாது. முதல் வடிவத்துக்கு முதல் வரி, நூறாவது வடிவத்துக்கு நூறாவது வரி. டோக்கன் கொடுக்காத ரேஷன் கடை வரிசை மாதிரி, நிக்கிற இடம்தான் அடையாளம். இப்ப எக்ஸெல் டிபிஎஃப்பைத் திறக்கும், ஆனா புது வெர்ஷன்கள் டிபிஎஃப்பாவே திரும்ப சேமிக்காது. லிப்ரே ஆபீஸ் கால்க் சேமிக்கும், அங்கதான் ஆபத்தே. தாலுக்கா வாரியா ஒரு தடவை சார்ட் பண்ணி சேவ் கொடுத்தீங்கன்னா அரக்கோணத்து ஏரி மேல குடியாத்தத்துப் பேரு போய் உக்காந்துடும். எந்த எரர் மெசேஜும் வராது. மேப்பும் அழகா திறக்கும்.

அதனால முதல் வேலை, லேயரை ஜியோபேக்கேஜா மாத்துறது. லேயர் மேல ரைட் கிளிக், எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ். ஜியோபேக்கேஜ்ல வடிவமும் வரியும் ஒரே ஃபைல்ல, ஒரே ஐடியோட இருக்கும். தமிழ்ல டேபிள் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. டிபிஎஃப் நீளத்தை பைட்டுலதான் அளக்கும். யூடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியாக்கத்துல ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட். கால், கொம்பு, புள்ளி எல்லாமே தனிக் கணக்கு. ஃபீல்டு நீளம் 20ன்னு வச்சா "பேரணாம்பட்டு" உள்ள போகாது, அதுக்கு 36 பைட் வேணும். "பேரணாம" வரைக்கும் வந்து நின்னுடும். ஃபீல்டோட பேருக்கு இன்னும் மோசம், மொத்தமே 10 பைட்தான்.

(திரையில்: டேபிள் திறக்கிறது.)

டேபிள் திறக்கவே நேரம் எடுத்தா, மேப்ல தெரியுற ஃபீச்சர்களை, அதாவது ஏரிகளை, மட்டும் காட்டுற ஆப்ஷனைப் போடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: கண்ணுக்குத் தெரியுற வரிகளைத்தான் மாத்தும்னு நம்பி, ஒரு ஃபீல்டை மொத்தமா மாத்துற ஃபீல்டு கால்குலேட்டரை ஓட்டாதீங்க. செலக்ட் பண்ணலைன்னா அது லேயர் முழுக்க எழுதும்.

மாத்துறதுக்கு முன்னாடி தாலுக்கா ஃபீல்டு சுத்தமா இருக்கான்னு பாக்கணும். எக்ஸ்பிரஷன் விண்டோவுல ஃபீல்டைத் தொட்டு, "ஆல் யூனிக்" அழுத்துங்க, அதுல இருக்கிற வேற வேற மதிப்பெல்லாம் பட்டியலா வரும்.

(திரையில்: மதிப்புகளின் பட்டியல்.)

வாலாஜா, வாலாஜாபேட்டை, கடைசியில ஸ்பேஸ் விட்ட ஒரு வாலாஜா. இதெல்லாம் ஸ்பேஸை வெட்டுற ட்ரிம், ஒண்ணை இன்னொண்ணா மாத்துற ரீப்ளேஸ் போட்டா முடிஞ்சிடும். இங்க பாருங்க, அரக்கோணம் ரெண்டு தடவை வருது. எழுத்து ஒண்ணுதான், ஸ்பேஸும் இல்ல. அந்த "கோ" இருக்கே, அதுல வர்ற ஓகாரக் குறியை யூனிகோடுல ஒரே குறியாவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமா ரெண்டாவும் அடிக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. தமிழ் டேட்டாவுல ரெண்டு டேபிளை பேரை வச்சு சேர்க்கிற ஜாயின் பொருந்தலைன்னா நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான். பட்டியல்லேர்ந்தே காப்பி பண்ணி, ரீப்ளேஸ்ல ஒண்ணை இன்னொண்ணா மாத்திடுங்க.

இப்ப எடிட்டிங்கை ஆன் பண்ணி, ஃபீல்டு கால்குலேட்டர்ல "அப்டேட் எக்ஸிஸ்டிங் ஃபீல்டு", மாவட்டம். உள்ள ஒரு கேஸ் எக்ஸ்பிரஷன், அதாவது "இது இருந்தா அதை எழுது"ன்னு சொல்ற வரி. தாலுக்கா ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி இதுல ஒண்ணா இருந்தா ராணிப்பேட்டை. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், நாட்றம்பள்ளின்னா திருப்பத்தூர். கடைசியில எல்ஸ் போட்டு மாவட்டம் ஃபீல்டையே திரும்பக் கொடுக்கணும். எல்ஸை விட்டீங்கன்னா காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் வரிகள் எல்லாம் நல், அதாவது காலி, ஆகிடும், இருந்த வேலூரும் போயிடும்.

(திரையில்: ஏரிகள் மூன்று நிறங்களில்.)

சேவ் பண்றதுக்கு முன்னாடி மாவட்டத்தை வச்சு கேட்டகரைஸ்டு ஸ்டைல் போட்டுப் பாருங்க, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நிறம் வரும். வேலூர் நிறத்துக்கு நடுவுல திருப்பத்தூர் நிறத்துல ஒத்தை ஏரி தெரிஞ்சா, அந்த வரியோட தாலுக்காவே தப்பா இருக்கலாம்.

கே.வி.குப்பம், சோளிங்கர், கலவை மாதிரி பின்னாடி வந்த தாலுக்காக்களுக்கு இந்த வழி உதவாது, பழைய பேரைப் பாத்து புதுசைச் சொல்ல முடியாதில்ல. புது தாலுக்கா எல்லை லேயர் கையில இருந்தா "ஜாயின் அட்ரிப்யூட்ஸ் பை லொக்கேஷன்" கொடுங்க, ஏரி இருக்கிற இடத்தை வச்சு தாலுக்காவை எடுத்துக்கும். ரெண்டு தாலுக்கா எல்லையைத் தொடுற ஏரிக்கு ரெண்டு வரி வந்துடும், அதனால அதிகமா மேல படியுற எல்லையை மட்டும் எடுக்கிற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்க.