அந்த ஒரு லட்சத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது எது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாடகியும் நடிகையுமான கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் பெருமைக்குப் பெரிதும் காரணம் நாடக மேடையா, திரைப்படமா என்பது இன்றைய தலைப்பு. மேடைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். 1935-இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினாரே, எந்த நாடகக் கொட்டகை அப்படிக் கொடுத்தது என்று கேட்டார். ஔவையாராக அவர் திரையில் வந்ததால்தான் இன்றைக்கும் அந்த முகம் நமக்குத் தெரிகிறது என்றார். மேடையில் பாடியதெல்லாம் காற்றோடு போய்விட்டது என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அரங்கத்தில் கைதட்டலும் கிடைத்தது.

சரி, அந்த ஒரு லட்சத்திலிருந்தே தொடங்குவோம். அந்தப் பணத்தைப் பேசி முடித்த நாளில் சுந்தராம்பாள் எத்தனை படத்தில் நடித்திருந்தார்? ஒன்றில்கூட இல்லை, நடுவர் அவர்களே. கேமராவுக்கு முன்னால் ஒரு நாளும் நிற்காத ஒரு பெண்ணுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். தமிழில் பேசும் படம் வந்தே அப்போது நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்தது. அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து போனவர்தான். பின்னணிப் பாட்டு என்ற வசதி வராத காலம் அது. நடிப்பவரே பாட வேண்டும், அதுவும் நடித்துக்கொண்டே பாட வேண்டும். அப்படிப்பட்டவர்களைத் தேடிச் சினிமாக்காரர்கள் எங்கே போனார்கள்? நாடகக் கொட்டகைக்குத்தான் போனார்கள். இந்தப் பெயரைச் சுவரொட்டியில் போட்டால் ஜனங்கள் வருவார்கள் என்று நம்பித்தான் அந்தத் தயாரிப்பாளர் பணத்தை எடுத்து வைத்தார். அந்த ஜனங்களைச் சேர்த்து வைத்தது மேடை. நாற்று நட்டுக் களை எடுத்தவரை விட்டுவிட்டு, விளைந்த நெல்லைக் காசு கொடுத்து வாங்கியவருக்குப் பெருமை சேர்க்கிறார் எதிரணி நண்பர்.

அந்தப் பெயர் எப்படி உண்டானது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எதிரணியில் யாரும் அதைத் தொடவே இல்லை. 1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தார். வீட்டில் வறுமை. சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு சேர்த்த குழந்தை அவர். எஃப்.ஜி. நடேசய்யர் என்ற ரயில்வே அதிகாரி நாடகப் பித்துக் கொண்டவர்; அவர் காதில் அந்தக் குரல் விழுந்தது. வேலு நாயர் – ராஜாமணி அம்மாள் நாடகக் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். ‘நல்லதங்காள்’ நாடகத்தில் மூத்த மகன் வேடம். பசியால் அழும் பிள்ளையாகப் பாட வேண்டும். பசி என்றால் என்னவென்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஸ்பெஷல் நாடகம். இளைய தலைமுறைக்காக இதைச் சொல்லியாக வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் ஒரே குழுவாக இருந்து ஒத்திகை பார்த்து நடிப்பது கிடையாது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரரை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மற்றபடி இன்றிரவு எதிரே நிற்பவர் எந்த ராகத்தை எடுப்பார், எந்தக் கேள்வியை வீசுவார் என்று மேடை ஏறும் வரை தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் சத்தம் போடும்.

‘வள்ளி திருமணம்’ எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுகிறாள். நாரதர் வருகிறார், தர்க்கம். வேடனாக முருகன் வருகிறான், மறுபடியும் தர்க்கம். பாட்டாலும் வசனத்தாலும் ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். இங்கே நமக்கு நடுவர் ஒருவர்தான். அங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் நடுவர்கள். வள்ளி தடுமாறினால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல இயக்குநர் கிடையாது. இந்தச் சோதனையில் இரவுக்கு இரவு தேறிய குரல் அது.

அந்த வள்ளிக்கு முருகனாக எதிரே நின்றவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. உச்ச சுருதியில் பாடுவதற்கென்றே பேர் போனவர். அவரோடு சேர்ந்து நடிக்க வந்த ஒருவர் அவர் நிழலில் மறைந்துபோயிருக்கலாம். சுந்தராம்பாள் மறையவில்லை, ஈடுகொடுத்துப் பாடினார். இலங்கை மேடையில் சந்தித்தார்கள், இணைந்து நடித்தார்கள், வாழ்க்கையிலும் இணைந்தார்கள். அந்த ஜோடியைப் பார்க்க ஊர் ஊராக ஜனம் திரண்டது.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். அன்று மேடை ஏறும் பெண்ணை ஊர் என்ன பேசியது என்பது உங்களுக்குத் தெரியும். பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட்டையும் சிறுவர்களே போட்ட காலம். அதற்கு முன்பே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்து நாடகக் குழு நடத்திக் காட்டியிருந்தார் என்றாலும், நடிகை என்றால் ஏளனம் என்ற நிலை மாறவில்லை. அந்த ஏளனத்தைத் தாண்டி, பெரியவர்கள் கைகூப்பி ‘அம்மா’ என்று அழைக்கும் இடத்துக்கு வந்தார் என்றால் அதற்கு எத்தனை மன உறுதி வேண்டியிருந்திருக்கும்!

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு, கடைசி வரை அப்படித்தான். அத்தோடு மேடை வாழ்க்கை முடிந்தது, சினிமாதான் கை கொடுத்தது என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிகிறது. நண்பரே, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் ஜோடியில்லாமல் எப்படிக் கதாநாயகியாக இருக்க முடியும்? அதற்கு வழி சொன்னது மேடை. ஆண் பெண் வேடம் போடுவதும் பெண் ஆண் வேடம் போடுவதும் நாடகத்தில் வழக்கம். முதல் வேடமே பையன் வேடமாகத் தொடங்கியவர் அவர். அதனால்தான் ‘நந்தனார்’ படத்தில் நந்தனார் என்ற ஆண் அடியாராகவே அவர் வந்தபோது பார்த்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஔவையார், கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார் என்று பின்னால் வந்த வேடங்கள் எல்லாம் அந்தத் துறவுக் கோலத்துக்குப் பொருந்தியவை. நாடக உலகில் எடுத்த முடிவுக்கு ஏற்றபடி திரை தன் கதைகளைத் தேட வேண்டியிருந்தது.

படங்களையும் எண்ணிப் பார்ப்போம். 1935-இல் ‘நந்தனார்’, 1940-இல் ‘மணிமேகலை’, 1953-இல் ‘ஔவையார்’. பதினெட்டு ஆண்டுகளில் மூன்று படம். அதற்குள் 1951-இல் சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினராகிவிட்டார். திரைக் கலைஞர்களில் முதலில் சட்டமன்றத்துக்குள் போனவர் என்று எதிரணி பெருமையாகச் சொன்னது. அன்றைக்கு ‘ஔவையார்’ வந்திருக்கவில்லை, நடுவர் அவர்களே. இரண்டே படங்கள், அதில் பிந்தியது வந்தே பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பதவி சுதந்திரப் போராட்டத்தில் காங்கிரஸ் கூட்டங்களில் ஒலித்த குரலுக்குக் கிடைத்தது. நாடக மேடைக்கும் அந்தக் கூட்ட மேடைக்கும் நடுவே சுவர் இருந்ததில்லை. வள்ளி பறவை ஓட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டைப் பாடினால், விரட்டப்படுவது யார் என்று தரையில் உட்கார்ந்திருந்தவருக்கும் புரிந்தது, நின்றுகொண்டிருந்த போலீஸ்காரருக்கும் புரிந்தது. நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் அதற்காகவே சிறைக்குப் போனார். 1940-இன் கடைசி நாளில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிரை விட்டார். இந்தப் பரம்பரையில் வந்தவர் சுந்தராம்பாள்.

திரை எதுவுமே கொடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ‘துணைவன்’ படத்துக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. ‘திருவிளையாடல்’ படத்தில் கோபித்துக்கொண்டு மலை ஏறிய முருகனைச் சமாதானப்படுத்த அவர் பாடும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் ஒரு சொல்கூடச் சிதையாது. மைக் வாய்க்கு முன்னாலேயே இருந்த காலத்தில் அப்படிப் பாட வேண்டிய அவசியமே இல்லை. ஒலிபெருக்கி இல்லாத இரவுகளில் தொண்டை கற்றது, கடைசி வரை மறக்கவில்லை.

காற்றோடு போய்விட்டது என்றாரே நண்பர், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கிராமபோன் தட்டுகள் வந்தன. நாடகப் பாட்டுகள் கொட்டகைக்கு வர முடியாதவர் வீட்டிலும் ஒலித்தன. அதைவிட முக்கியம், வள்ளி இன்னும் மேடையில் இருக்கிறாள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் திருவிழாக் காலத்தில் போய்ப் பாருங்கள். நாடக நடிகர் சங்கத்தில் பெயர் பதிந்த பெண்கள் மாலையில் பஸ் ஏறி ஏதோ ஒரு கிராமத்தில் இறங்கி, முன்பின் பழகாத ராஜபார்ட்டோடு விடிய விடிய தர்க்கம் செய்கிறார்கள். காலையில் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கிடைக்கும் பணம் கொஞ்சம், கிடைக்கும் மரியாதை அதைவிடக் கொஞ்சம். சுந்தராம்பாளின் பெருமை எல்லாம் சினிமா கொடுத்தது என்று இந்த மன்றம் தீர்ப்புச் சொன்னால், சினிமா வந்து கூப்பிடாதவரை உங்கள் பாட்டுக்கு மதிப்பில்லை என்று இந்தப் பெண்களிடம் சொன்னதாக ஆகும். அப்படி ஒரு தீர்ப்பைத் தந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.