வலி குறைந்துவிட்டால் போதுமா? முடக்குவாத சிகிச்சையில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும்

(காட்சி: விளக்குப் பெட்டியில் இரு கைகளின் எக்ஸ்ரே படம்)

வணக்கம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கும், முந்திரி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் விரல்கள்தான் பிழைப்பு. மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பெரும்பாலும் முதலில் பிடிப்பது அந்த விரல்களின் சிறு மூட்டுகளைத்தான்.

இந்நோயை அடக்கத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் பலன் தரப் பல வாரங்கள் ஆகும். வலி தணிந்ததும், நோய் போய்விட்டது என்று நம்பி மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இது ஆபத்தானது, ஏனெனில் வலியும் வீக்கமும் அடங்கிய மூட்டிலும், அதன் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் உட்சவ்வின் அழற்சி தொடர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எக்ஸ்ரே எளிதில் கிடைப்பது, செலவும் குறைவு. ஆனால் அது காட்டுவது ஏற்கெனவே நேர்ந்துவிட்ட சேதத்தை: எலும்பின் ஓரத்து அரிப்பையும், மூட்டு இடைவெளி குறுகியிருப்பதையும். கைகளோடு பாதங்களையும் படம் எடுப்பது அவசியம். நோயின் தீவிரத்தைக் கணிக்க மருத்துவர்கள் எண்ணும் 28 மூட்டுகளில் பாத மூட்டுகள் சேரவில்லை. அரிப்போ பல நேரங்களில் கால் சுண்டுவிரலின் அடிமூட்டில்தான் முதலில் தென்படுகிறது.

(காட்சி: மேசைமேல் விரித்து வைத்த கை, விரல் மூட்டின் மேல் ஜெல்)

அழற்சி இப்போது நடக்கிறதா என்பதை அறிய அல்ட்ராசவுண்ட் உதவும். பவர் டாப்ளர் முறையில், அழன்ற சவ்வுக்குள் பாயும் இரத்தம் திரையில் செந்நிறப் புள்ளிகளாகத் தெரியும். அதை 0 (இல்லை) முதல் 3 (மிகுதி) வரை தரம் பிரிப்பார்கள். கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே நுண்குழாய்களில் ஓட்டம் தடைபட்டுப் புள்ளிகள் மறைந்துவிடும் என்பதால், ஜெல்லின் மேல் பட்டும் படாமலும் வைத்துப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். எம்.ஆர்.ஐ. இன்னும் ஆழமாகச் சென்று எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும். பின்னாளில் அரிப்பு வரக்கூடும் என்பதற்கு அது வலுவான அறிகுறி.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நார்வேயில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆர்க்டிக் ஆய்வில், அல்ட்ராசவுண்டைப் பார்த்து மருந்தைக் கூட்டியவர்களுக்கும், மருத்துவரின் நெருக்கமான பரிசோதனையை மட்டும் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதல் குழுவினர் விலையுயர்ந்த உயிரியல் மருந்துகளை (உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் பயாலஜிக் மருந்துகளை) கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்பதே மிச்சம். நோயாளி வலி என்கிறார், இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, வீக்கம் தொட்டுப் பார்த்தும் நிச்சயமாகவில்லை என்ற நிலையில்தான் ஸ்கேன் உண்மையிலேயே கைகொடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றாலும், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியாரிடம் காட்டினாலும், சிகிச்சை தொடங்கிய நாளில் எடுத்த படத்தைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அரிப்பு நின்றதா, வளர்ந்ததா என்று மருத்துவரால் சொல்ல முடியும். கருவுற்றிருக்கக்கூடும் என்றால் எக்ஸ்ரேக்கு முன்பும், உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன்பும் அங்கிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.