நீலகிரியில மரம் கூடுது, காடு குறையுது

வணக்கம் மக்களே! இப்ப நான் நிக்கிறது ஊட்டியில இருந்து கூடலூர் போற ரோடு, ஒன்பதாவது மைல். ஷூட்டிங் ஸ்பாட்னு சொன்னாதான் பல பேருக்குத் தெரியும். காத்து ரொம்ப அடிக்குது, மைக்ல சத்தம் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முன்னாடி தெரியுற இந்தப் புல்மேட்டைப் பாருங்க. அதுக்குப் பின்னாடி, மேடு முடியுற இடத்துல கருப்பா அடர்த்தியா ஒரு மரக்கூட்டம் நிக்குதுல்ல? டூரிஸ்ட்டா வர்றவங்க "அட, என்ன அருமையான காடு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். அது காடு இல்லங்க. அது வாட்டில். இங்க உள்ளவங்க சீகை மரம்னு சொல்லுவாங்க. ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டு வந்து வெச்சது. வர்ற வழியில தலைகுந்தாவுல பைன் ஃபாரஸ்ட்னு எல்லாரும் இறங்கி போட்டோ எடுக்கிறோமே, அதுவும் வெளிநாட்டு மரம்தான். அந்தப் பைன் மரத்துக்கு அடியில ஒருதடவை குனிஞ்சு பாருங்க. ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கும், அதைத் தாண்டி பெருசா ஒண்ணும் முளைச்சிருக்காது.

இந்த வீடியோவுல நான் பேச வந்தது இதுதான். நீலகிரி காடு நல்லா இருக்கா, இன்னும் அம்பது வருஷம் கழிச்சு தாக்குப்பிடிக்குமான்னு கேட்டா, அதுக்கு நம்ம கையில இருக்கிற கணக்கு சரியான பதிலைச் சொல்லாது. ஏன்னு சொல்றேன்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை சேட்டிலைட் படத்தை வெச்சு வனப்பரப்பு அறிக்கை விடுறாங்க. அதுல வனம்னா என்ன? குறைஞ்சது ஒரு ஹெக்டேர் நிலம், அதுல பத்து சதவீதமாவது மரத்தோட தலைப்பரப்பு மூடியிருக்கணும். அவ்வளவுதான். நிலம் யாருது, என்ன மரம், சொந்த மரமா வந்த மரமா, எதையும் அந்தக் கணக்கு பாக்காது. அதன்படி நீலகிரி மாவட்டத்துல ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு காடு. தமிழ்நாட்டு சராசரி 20 சதவீதம்தான், அதோட வெச்சுப் பாத்தா நீலகிரி முதல் ரேங்க் மாதிரி தெரியும். ஆனா அந்த மூணுல ரெண்டு பங்குக்குள்ள சோலைக்காடும், அதாவது இந்த மலையோட சொந்த அடர்காடும் இருக்கு, வாட்டிலும் இருக்கு, கற்பூர மரமும், அதாவது யூகலிப்டஸும் இருக்கு, பைனும் இருக்கு. எல்லாம் ஒரே பச்சை. இதுல இன்னொரு வேதனை என்னன்னா, நான் நிக்கிற இந்தப் புல்வெளி அந்தக் கணக்குல காடே கிடையாது. நாளைக்கு இந்த மேடு முழுக்க வாட்டில் ஏறிடுச்சுன்னு வைங்க, அறிக்கையில வனப்பரப்பு கூடிடும்!

சரி, புல்வெளியில அப்படி என்ன இருக்கு, மரம் வந்தா நல்லதுதானேன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி.

நீலகிரி உச்சியில இயற்கையா இருந்தது ரெண்டும் கலந்த அமைப்பு. பள்ளத்துல, ஓடை ஓரத்துல, மண் ஆழமா ஈரமா இருக்கிற இடத்துல சோலை. மேட்டுலயும் சரிவுலயும் புல். டிசம்பர் ஜனவரியில இந்த மேட்டுல உறைபனி கொட்டும்போது சோலை மரத்தோட கன்னுங்க கருகிடும். புல் தாங்கிக்கும். ஆனாலும், 'முன்னாடி எல்லாமே சோலையாத்தான் இருந்திருக்கும், மனுஷன் வெட்டி எரிச்சு புல்லாக்கிட்டான்'னு ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தாங்க. இங்க பக்கத்துல சாண்டிநல்லான்னு ஒரு இடம் இருக்கு. அங்க சதுப்புல பல ஆயிரம் வருஷமா முழுசா மக்காம அடுக்கடுக்கா படிஞ்ச கருப்பு மண்ணை எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க. 1993-ல அது வெளியாச்சு. காத்துல இருக்கிற கார்பனை மரம் எடுத்துக்கிற விதம் வேற, இந்த மாதிரி வெப்பமண்டலப் புல் எடுத்துக்கிற விதம் வேற. அந்த வித்தியாசம் மண்ணுல அப்படியே தங்கிடும். அதை அளந்து பாத்தப்ப, 20,000 வருஷம் முன்னாடியே இங்க புல் இருந்தது தெரிஞ்சுது. தட்பவெப்பம் மாறும்போது புல் கூடியிருக்கு, குறைஞ்சிருக்கு, ஆனா இருந்திருக்கு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது 1819-ல. அப்ப இது எவ்வளவு பழைய புல்வெளின்னு யோசிங்க.

இப்ப தண்ணிக்கு வர்றேன். கீழ ஈரோடு, கோபி, சத்தி பக்கம் இருந்து பாக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. பைக்காரா பக்கத்துல கிளென்மார்கன்னு ஒரு இடம் இருக்கு. அங்க ஊட்டியில இருக்கிற மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒரு அருமையான சோதனை பண்ணாங்க. பக்கத்து பக்கத்துல ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதி. ஒண்ணை புல்லா விட்டுட்டாங்க. இன்னொண்ணுல பாதிக்கு மேல கற்பூர மரம் வெச்சாங்க, ரெண்டுலயும் ஓடி வர்ற தண்ணியை வருஷக்கணக்கா அளந்தாங்க. முதல் பத்து வருஷச் சுற்றுல மரம் வெச்ச பக்கம் தண்ணி 16 சதவீதம் குறைஞ்சுது. மரத்தை வெட்டினதும் அடிக்கட்டை தழைச்சு ரெண்டாவது சுற்று வளர்ந்தப்ப, குறைவு 25 சதவீதம்! மழை அதே மழைதான். மரம் குடிச்சிடுது.

இந்த மலைத் தண்ணி எங்க போகுது? மேல் பவானியில ஆரம்பிச்சு பவானி ஆறா இறங்குது, இன்னொரு பக்கம் பைக்காரா கீழ இறங்கி மோயாறா ஓடுது. ரெண்டும் பவானிசாகர்ல சேருது. கீழ்பவானி வாய்க்கால் மட்டும் 2 லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது. நடுவுல குந்தா, பைக்காரா மின் நிலையங்கள் வேற. அதனால இது ஊட்டிக்காரங்க பிரச்சனை மட்டும்னு யாரும் ஒதுக்கிட முடியாது.

இவ்வளவு மரம் எப்படி வந்துச்சு? வெள்ளைக்காரன் காலத்துல விறகுக்காக ஆரம்பிச்சது. ஊட்டியில குளிர் அப்படி, சோலையை வெட்டித் தீத்துட்டாங்க, அதுக்கு மாத்தா வேகமா வளர்ற மரம் வேணும்னு கொண்டு வந்தாங்க. ஆனா பெரிய அளவுல நட்டது சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம அரசாங்கம்தான். வாட்டில் பட்டை தோல் பதனிட. கற்பூர மரம், மேட்டுப்பாளையம் பக்கத்துல சிறுமுகையில இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு, அதாவது செயற்கை இழைக்கு. "தரிசா கிடக்கு, பயன்படுத்துவோம்"ங்கிற நினைப்புலதான் புல்மேட்டுல ஏத்தினாங்க. எண்பதுகளோட கடைசியில புதுசா நடுறதை நிறுத்திட்டாங்க. சிறுமுகை ஆலையையும் மூடியாச்சு. மரம் மட்டும் நிக்கல, பரவிக்கிட்டே இருக்கு.

எவ்வளவு? 1973-ல எடுத்த சேட்டிலைட் படத்தையும் சமீபத்துப் படத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கு. கொடைக்கானல் இருக்கிற பழனி மலையில நாப்பது வருஷத்துல புல்வெளி 66 சதவீதம் போச்சு. மூணுல ரெண்டு பங்கு! மேற்குத் தொடர்ச்சி மலையோட உச்சிப் புல்வெளி மொத்தத்துல கிட்டத்தட்ட 340 சதுர கிலோமீட்டர் வெளிநாட்டு மரமா மாறிடுச்சு. ஒப்பிட்டுப் பாக்க சொல்றேன், நம்ம முக்குருத்தி தேசியப் பூங்கா மொத்தமே 78 சதுர கிலோமீட்டர்தான். வரையாடுக்கு இந்தப் புல்லை விட்டா வேற வழி இல்ல. நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு சின்னப் பறவை, புல்லுலதான் கூடு கட்டும், இந்த மலைகளை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இந்த மலைப் பழங்குடி தோடர்களோட கோயில் கூரை வேய்ற புல்லும் சதுப்புப் புல்வெளியிலதான் கிடைக்கும். இப்ப அதுக்கு அவங்க எவ்வளவோ தூரம் தேடிப் போக வேண்டியிருக்கு.

ரோட்டை ஒட்டி ஒண்ணு காட்டுறேன், வாங்க... இதோ. இது வெட்டின வாட்டில் அடிக்கட்டை. மேல காய்ஞ்சு வெளுத்திருக்கு. ஆனா அடியில பாருங்க, சுத்தி விரல் தடிமன்ல புதுக் கிளை, ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்தா வந்திருக்கு. அந்தப் பக்கம் மண்ணுல இறகு மாதிரி இலையோட சின்னச் சின்னக் கன்னு. கேமராவை இன்னும் கீழ இறக்குறேன். ஒரு சாண் இடத்துல எத்தனை இருக்கு பாருங்க! நான் இதைப் பிடுங்கல, இது வனத்துறை நிலம், நீங்களும் போற வர்ற வழியில எதையும் பிடுங்காதீங்க. வாட்டில் விதை மண்ணுக்குள்ள அம்பது வருஷம் வரைக்கும் உயிரோட கிடக்கும். தீ பட்டா இன்னும் வேகமா முளைக்கும். அதனாலதான் "வெட்டிட்டா முடிஞ்சுது"ன்னு சொல்றது வேலைக்கு ஆகாது. ஒருதடவை மொத்தமா மொட்டையடிச்சா வெயில் மண்ணுல பட்டதும் இதுங்க எல்லாம் ஒண்ணா கிளம்பும், முன்ன இருந்ததை விட அடர்த்தியா.

சரிவுல இப்படி மொட்டையடிச்சா இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி மழை வர்ற மலையில வெறும் மண்ணை விட்டு வைக்க முடியாது.

அதனால என் கருத்து இது. முதல்ல, இன்னும் நல்லா இருக்கிற புல்வெளியைக் காப்பாத்தணும். வாட்டில் இப்பதான் எட்டிப் பாக்கிற ஓரங்கள்ல, கையால பிடுங்கிடுற உயரத்துல இருக்கும்போதே வருஷா வருஷம் பிடுங்கணும். செலவு குறைவு, பலன் ஜாஸ்தி. ஆனா ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க இது தோதான வேலை இல்ல, அதனால இதுக்குப் பணம் கடைசியாத்தான் வருது. அடுத்தது, முழுசா வாட்டில் ஆகிட்ட பழைய இடங்கள்ல அவசரப்படக் கூடாது. வயசான வாட்டில் தோப்புக்குள்ள, பக்கத்துல சோலை இருந்தா, பறவைங்க கொண்டு வந்து போட்ட விதையில இருந்து சோலை மரக் கன்னுங்க நிழல்ல தானா வருது. கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல்ல இதைப் பல வருஷமா கவனிச்சிருக்காங்க. அங்க மேல இருக்கிற வாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா போதும். புல் திரும்ப வேணும்னா, புல்லுக்கு நாற்றங்கால் போட்டு, ஒவ்வொரு தூரா நட்டு, வாட்டில் கன்னைப் பல வருஷம் எடுத்துக்கிட்டே இருக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். இந்த மலையில எத்தனையோ வீட்ல அடுப்பு எரியுறது இந்தச் சீகை விறகுலதான். தேயிலை ஃபேக்டரியில இலையைக் காய வைக்கவும் விறகு வேணும். மரத்தை எடுக்கிற திட்டத்துல இவங்களுக்கு மாற்று வழி இல்லன்னா, அடுத்தது சோலை மேல கை வைப்பாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது.

கீழ முதுமலை, மசினகுடி பக்கம் கதை வேற. அங்க பரவுற வெளிநாட்டுச் செடி, மரம் எல்லாம் உண்ணிச்செடி (லான்டானா), மஞ்சள் கொன்றை, சீமைக்கருவேலம். உண்ணிச்செடி இந்தியாவுல புலி இருக்கிற காடுகள்ல நாப்பது சதவீதத்துல பரவியிருக்குன்னு ஒரு ஆய்வு சொல்லுது. அது அடர்ந்த இடத்துல யானைக்கும் மானுக்கும் புல் கிடைக்காது. கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் அந்தக் குச்சியை வெச்சு ஆளுயரத்துக்கும் மேல யானை செய்யறாங்க, வெளிநாடு வரைக்கும் போயிருக்கு. மஞ்சள் கொன்றையை வெட்டி எடுக்க கரூர் பக்கம் இருக்கிற டிஎன்பிஎல் காகித ஆலைக்கு அனுமதி கொடுத்திருக்காங்க. அந்நியச் செடிகளை அகற்ற 2022-ல தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. சென்னை உயர் நீதிமன்றமும் வேலை எதுவரைக்கும் வந்திருக்குன்னு விடாம கேட்டுக்கிட்டு இருக்கு. முதுமலையைப் பத்தி தனியா ஒரு வீடியோ போடணும், இதுல அடக்க முடியாது.

நல்ல செய்தியும் இருக்கு. நீலகிரி வரையாடு திட்டம் 2022-ல அறிவிச்சாங்க. 2024-ல தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்துல எண்ணினப்ப 1,031 வரையாடு. 2025-ல 1,303. எண்ணிக்கை கூடினதுக்கு எண்ணுற முறை மேம்பட்டதும் ஒரு காரணமா இருக்கலாம், அதனால உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆனா வரையாட்டைக் காப்பாத்தணும்னா புல்லைக் காப்பாத்தியே ஆகணும், அது அந்தத் திட்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கு. புல்வெளிக்குன்னு அரசு பணம் ஒதுக்குறது எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

கடைசியா ஒரு வேண்டுகோள். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துல மாநிலத்தோட பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கணும்னு இலக்கு வெச்சிருக்காங்க. சமவெளியில, ஏரிக்கரையில, ரோட்டு ஓரத்துல, பட்டா நிலத்துல நம்ம நாட்டு மரம் நடுறதுக்கு நான் முழு ஆதரவு. ஆனா கல்லூரியில இருந்தோ கம்பெனியில இருந்தோ ஆயிரம் கன்னோட "ஊட்டியில வெறுமையா கிடக்கிற மலையில மரம் நடப் போறோம்"னு யாராவது கிளம்பினா, இந்த வீடியோவை அவங்களுக்கு அனுப்புங்க. நட ஆசை இருந்தா சோலை ஓரத்துல, வனத்துறையும் உள்ளூர் ஆளுங்களும் சொல்ற இடத்துல, சொல்ற மரத்தை நடட்டும். புல்மேட்டுல வேண்டாம்.

உங்க ஊர் மலையில, ஏலகிரியோ கொல்லிமலையோ ஏற்காடோ, முன்னாடி என்ன இருந்துச்சு, இப்ப என்ன இருக்குன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு கீழ எழுதுங்க. நான் எல்லாத்தையும் படிப்பேன். அடுத்த வீடியோ கோத்தகிரி லாங்வுட் சோலையில இருந்து. ஊருக்கே தண்ணி கொடுக்கிற அந்தச் சோலையை அங்க இருக்கிறவங்க எப்படி மீட்டு எடுத்தாங்கன்னு நேர்ல போய்ப் பாக்கலாம். வரட்டுமா!