செஞோரா என்று அழைத்துவிட்டால் போதுமா?

அவையோருக்கு வணக்கம்.

ஸ்பானிஷ் மொழியில் ஒரு பெண்மணியை மரியாதையாக அழைக்க 'செஞோரா' என்ற சொல் தெரிந்தால் போதும் என்று கற்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். போதாது. அழைப்பில் காட்டிய மரியாதை வாக்கியம் முடியும்வரை நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது அங்கேதான்.

முதலில் உச்சரிப்பு. 'செனியோரா' வேண்டாம். நமக்குத்தான் ஞகரம் இருக்கிறதே! செ-ஞோ-ரா; அழுத்தம் நடுவில். பெண்களை மரியாதையாக அழைக்க 'தோஞா' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதன் முதலெழுத்துக்குப் 'பந்து' என்று சொல்லும்போது வரும் தகர ஒலி.

இந்த இரண்டில் எது எந்தப் பெயரோடு சேரும்? மரியா கார்சியா லோபெஸ் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயரோடு செஞோரா: 'செஞோரா கார்சியா'. இட்ட பெயரோடு தோஞா: 'தோஞா மரியா'. ஸ்பெயின் அரசியைத் 'தோஞா லெத்தீசியா' என்று குறிப்பிடுவதும் இதே முறையில்தான். 'தோஞா கார்சியா' என்பது பிழை. 'செஞோரா லோபெஸ்' என்பதும் பிழை. இரண்டு குடும்பப் பெயர்களில் முதலாவதுதான் அழைக்க உதவும், கடைசியில் நிற்பது பெரும்பாலும் தாய்வழிப் பெயர். கணவரின் பெயரையும் ஒட்டிவிடாதீர்கள். ஸ்பெயினில் திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. பெயரே சேர்க்காமல் வெறும் 'தோஞா' என்று கூப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது; பல இடங்களில் அது மட்டுத்தட்டுவதாகப் படும்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். மரியாதையான 'நீங்கள்' என்பதற்கு 'உஸ்தெத்', நெருக்கமான 'நீ' என்பதற்கு 'து'. உஸ்தெத் முன்னிலைச் சொல்தான்; ஆனால் அதற்குரிய வினை படர்க்கை வினை. 'வுவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் அருள்' என்ற பழைய தொடர் தேய்ந்து உஸ்தெத் ஆனதே காரணம். ஆகவே "செஞோரா, கோமோ எஸ்தா?" என்று நலம் கேட்க வேண்டும். "செஞோரா, கோமோ எஸ்தாஸ்?" என்றால், "அம்மா, நீங்க எப்படி இருக்கே?" என்று கேட்டதுபோல் ஆகிவிடும். கடைசி 'ஸ்' ஒன்று மரியாதையைக் கெடுத்துவிடுகிறது. உட்காரச் சொல்லும்போது 'சியேந்தாத்தே' அல்ல, 'சியேந்தேசே'. 'உன் பெயர்' என்பதற்கு 'து நோம்ப்ரே'. 'உங்கள் பெயர்' என்பதற்கு 'சு நோம்ப்ரே'. வினை, ஏவல், உடைமைச் சொல் மூன்றும் ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

'செஞோரித்தா' திருமணமாகாதவரைக் குறிக்கும் பழைய வழக்கு. ஆணுக்கு இப்படியொரு பாகுபாடு கிடையாது. 'செஞோரித்தோ' என்பது உழைக்காமல் சுகமாக வாழும் பணக்கார வீட்டுப் பிள்ளையைக் குறிக்கும். அலுவலகத்திலும் கடிதத்திலும் வயது வந்த எந்தப் பெண்ணுக்கும் செஞோராவே முறை என்பது என் உறுதியான கருத்து. அவரே செஞோரித்தா என்று போட்டுக்கொண்டால் மட்டும் அப்படியே எழுதுங்கள்.

பட்டமும் பதவியும் இருந்தால் அவற்றைப் பெண்பாலில் சொல்ல வேண்டும்: தொக்தோரா, ப்ரொஃபெசோரா. மெக்சிகோவில் பட்டம் பெற்றவரை 'லிசென்சியாதா' என்று அழைப்பது அன்றாட வழக்கம். 2024 அக்டோபரில் அந்த நாட்டின் அதிபர் பொறுப்பை ஏற்ற கிளாடியா ஷெயின்பாம், தம்மைப் 'ப்ரெசிதெந்தே' என்று சொல்லாமல் ஆகாரத்தில் முடியும் 'ப்ரெசிதெந்தா' என்றே சொல்லச் சொன்னார். அது நேற்று முளைத்த சொல்லும் அல்ல. ஸ்பானிஷ் அகாதமியின் அகராதியில் 1803 முதலே இருக்கிறது.

கடிதத்தில் 'எஸ்திமாதா செஞோரா கார்சியா', அதாவது 'மதிப்பிற்குரிய செஞோரா கார்சியா' என்று தொடங்குங்கள். அதையடுத்து முக்காற்புள்ளி போட வேண்டும்; ஆங்கிலப் பழக்கத்தில் காற்புள்ளி போட்டால் ஸ்பானிஷில் பிழை. அவர் மருத்துவரானால் 'எஸ்திமாதா தொக்தோரா கார்சியா'. அங்கே செஞோரா வேண்டியதில்லை.